லோவனில் இரண்டு வாக்குகள்

சுவிஸ் மலைக்கிராமமான ஓபர்மாட்டில் வாக்கெடுப்பு ஞாயிறுகளில் உருளைக்கிழங்கு றோஸ்டி நிறையப் போகும். முதல்நாள் மாலையே குணசேகரம் அண்ணை இரண்டு பெரிய சட்டி உருளைக்கிழங்கு அவித்துத் தோலோடு குளிரறையில் வைத்துவிடுவார். அன்று அவித்த கிழங்கைத் துருவினால் பசையாகிவிடும். ஓர் இரவு குளிரில் கிடந்து இறுகிய கிழங்குதான் உதிரியாக விழும், வெண்ணெயில் பொன்னிறமாகப் பிடிக்கும். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள். இப்போது அவர்கள் அவருடைய றோஸ்டியைச் சாப்பிட வருகிறார்கள்.

விடுதியின் பெயர் லோவன். சிங்கம் என்று பொருள். வாசலுக்கு மேலே இரும்புக் கம்பியில் தகரச் சிங்கம் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கும். "சிங்கக் கொடிக்குப் பயந்து ஓடிவந்து சிங்கத்துக்குக் கீழ கடை போட்டிருக்கிறன் தம்பி," என்று நான் வந்த அன்றே அண்ணை சொன்னார். எல்லாரிடமும் சொல்லும் பகிடி அது என்று பிறகு தெரிந்தது.

கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். அண்ணையும் ஜெயகௌரி அக்காவும் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கீழே சாப்பாட்டுக் கூடம், பின்னால் சமையலறை, மேலே அவர்களுடைய குடியிருப்பு, அதற்கும் மேலே கூரைக்கடியில் நான் வாடகைக்கு இருந்த அறை. மகள் தக்ஷிகா வின்டர்தூரில் வேலை பார்த்தாள். என் மனைவி இறந்தபின் ஏரிக்கரை நகரமான துன்னில் இருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு நான் இங்கே வந்தேன். அது இரண்டு பேருக்கான வீடு. பகலில் துன்னில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. மாலையில் பஸ் ஏறி மலைக்கு வருவேன். சமையலறை மூலையில் எனக்கென்று அக்கா ஒரு கோப்பைச் சோறு மூடி வைத்திருப்பார். என்னை எதுவும் கேட்கமாட்டார். அதனால் தங்கிவிட்டேன்.

ஓபர்மாட் எப்படி வாக்களிக்கும் என்பது நாட்டுக்கே தெரியும். வெளிநாட்டவரைப் பற்றிய கேள்வி வந்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் சட்டத்தை இறுக்கச் சொல்வார்கள். அன்று மாலை தொலைக்காட்சி வரைபடத்தில் தலைநகர் பேர்ண் ஒரு நிறத்திலும் எங்கள் மலைச்சரிவு வேறு நிறத்திலும் இருக்கும். அந்தச் சரிவிலும் அடர்த்தியான புள்ளி ஓபர்மாட். ஒருமுறை செய்தித்தாளிலிருந்து ஒரு பெண் வந்து, இந்த ஊரில் அகதியாக வந்த ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று அண்ணையைக் கேட்டாள். "நல்ல சனம்," என்றார் அவர். சிங்கத்துக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுத்தாள்.

அவர் பொய் சொல்லவில்லை. பனியில் புதைந்த அவருடைய காரை ட்ராக்டரால் இழுத்து எடுத்தவர் ஹான்ஸ்ருடி. தக்ஷிகாவுக்குப் பனிச்சறுக்கு பழக்கியவரும் அவர்தான். நாற்பது பசு வைத்திருக்கும் பால் விவசாயி. வலதுசாரிக் கட்சியின் ஊர்க் கிளையை நடத்துகிறவர். ஞாயிறு மதியம் முடிவுகள் வரத் தொடங்கும்போது, வழக்கமான ஆட்கள் உட்காரும் வட்ட மேசையில் அவர் நடுவில் இருப்பார். பால் விலை, ஓநாய், பேர்ணில் உட்கார்ந்துகொண்டு புல்லையும் சாணியையும் பற்றிச் சட்டம் எழுதும் ஆட்கள், பிறகு வெளிநாட்டவர். பேச்சு அந்த இடத்துக்கு வரும்போது யாராவது ஒருவர் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்வார்: "உன்னைச் சொல்லவில்லை, குணா!"

அண்ணை கரண்டியைத் தூக்கிக் காட்டுவார். மேசை சிரிக்கும்.

"என்னைச் சொல்லேல்லை தம்பி," என்று எனக்கும் ஒருமுறை விளக்கினார். "எங்களைத் தெரியும்தானே. தெரியாத ஆக்களைச் சொல்லுறாங்கள்."

குடியுரிமை இல்லாததால் எனக்கு வாக்கில்லை. என் மனைவிக்கு இருந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கன்டோன் என்கிற மாநில நிர்வாகம் ஊராட்சிக்கு ஒரு கோரிக்கை வைத்தது. அகதிக் குடும்பங்களைத் தங்கவைக்க இடம் வேண்டும்; லோவனைத் தரமுடியுமா? விடுதியில் வருமானம் குறைவு, கூரை ஒழுகுகிறது, கன்டோன் நல்ல வாடகை தரும். ஊராட்சிச் சபைக்குச் சம்மதம். அண்ணையின் குத்தகையும் அந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது. ஆனால் கடைசித் தீர்ப்பு ஊர்க்கூட்டத்தின் கையில். வாக்குள்ள எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடிக் கையுயர்த்தி முடிவு செய்வார்கள்.

அன்றிலிருந்து அண்ணைக்கு நித்திரை இல்லை. பகலில் எதையாவது துடைத்துக்கொண்டேயிருந்தார். ஊரோ அவருக்காகக் கொதித்தது. இதுவரை மாதம் ஒருமுறை வந்தவர்கள் வாரம் இருமுறை வந்தார்கள். "எங்கள் குணாவை வெளியே தள்ளிவிட்டு யாரோ தெரியாதவர்களை உள்ளே விடுவதா?" என்று வட்ட மேசைக்காரர்கள் மேசையில் குத்தினார்கள்.

*

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்ட நேரமிருந்தது. கீழே துன் ஏரி முழுவதும் மூடுபனிக்குள் கிடந்தது. மேலே எங்களுக்கு மட்டும் வெயில். சமையலறையில் அண்ணையும் நானும் குளிர்ந்த கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். அக்கா கறி வைத்துச் சுருட்டும் ரோல்ஸுக்கு மா தட்டிக்கொண்டிருந்தார். பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஹான்ஸ்ருடி வந்தார். தொழுவத்துச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா கேட்காமலே ஒரு ரோல்ஸை அவர் முன்னால் வைத்தார்.

"ஜெயா, இந்த ஒன்றுக்காகவே நான் பேர்ணோடு சண்டை போடுவேன்," என்றார். சுவிஸ் ஜெர்மனில் பேசினால் அவர் குரல் மாடு கூப்பிடும் குரல். கடித்துவிட்டு அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"கேள் குணா. எங்கள் ஆட்கள் வருவார்கள். அதில் பயமில்லை. நடுவில் கொஞ்சப் பேர் ஆடுகிறார்கள். ஆசிரியை, தேவாலயப் பாட்டுக் குழுப் பெண்கள், என் மனைவிகூட. லோவன் கிடைக்காவிட்டால் குடும்பங்களை மலையடியில் தீயணைப்பு நிலையத்துக்குக் கீழே இருக்கிற பங்கரில் விடுவோம் என்று கன்டோன் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகள், நிலத்துக்கு அடியில். என் மனைவி இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்."

"ஓம்... யா," என்றார் அண்ணை.

"நீயும் அப்படியொரு பங்கரில் இருந்தவன். வந்த புதிதில். நீயே சொல்லியிருக்கிறாய். இந்த ஊரில் அதைப் பேசத் தகுதியுள்ளவன் நீ ஒருவன்தான். எழுந்து இரண்டு வார்த்தை சொல். நான் இருந்தேன், ஒரு குறையும் இல்லை, அங்கே இருக்கலாம். போதும். அதற்குப் பிறகு யாருக்கும் மனம் உறுத்தாது."

அண்ணை கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதே. நாங்கள் உன்னோடு நிற்கிறோம். நீயும் எங்களோடு நின்றாய்தானே. லோவனிலிருந்து இரண்டு வாக்கு எப்போதும் எங்களுக்குத்தான். அகதிச் சட்டத்தை இறுக்கியபோதுகூட. மேசையில் எல்லாருக்கும் முன்னால் சொன்னாயே!" ஹான்ஸ்ருடி எழுந்து அண்ணையின் தோளில் தட்டினார். அக்காவுக்குத் தலையசைத்தார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்.

அக்காவின் கையில் மா உருண்டை அப்படியே இருந்தது.

"என்ன ரெண்டு வோட்டு?" என்று கேட்டார்.

"அது மேசையில கதைக்கிற கதை."

"ரெண்டாவது வோட்டு ஆற்ற?"

"ஜெயா, தம்பி இருக்கிறார்."

"இருக்கட்டும். ரெண்டாவது வோட்டு ஆற்ற?"

நான் எழப்போனேன். "நீ இரு தம்பி, கத்தியோட எழும்பாத," என்றார் அக்கா. உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் வாக்குக் கடித உறைகள் வந்தால் என்ன நடக்கும் என்பதை நானே கண்டிருக்கிறேன். ஆண்டில் நாலு தடவை தடித்த உறை இரண்டு வரும். அக்கா வாக்காளர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி அண்ணையிடம் நீட்டுவார். மிச்சத்தை அண்ணை இரண்டுக்கும் நிரப்பிக் கொண்டுபோய்ப் போடுவார். கறிக்கு உப்பு அக்கா, அரசாங்கக் காகிதம் அண்ணை. எங்கள் ஆட்களின் பாதி வீடுகளில் அப்படித்தான்.

"நீர்தானே கையெழுத்து வச்சுத் தந்தனீர்," என்றார் அண்ணை.

"ஓம், வச்சனான். என்ன கேட்டிருக்கிறாங்கள் எண்டு கேட்டா, ரோட்டு, பென்ஷன், மாட்டுக்குக் கொம்பை விடுறதோ வெட்டுறதோ எண்டியள்."

"மாட்டுக் கொம்பும் வந்ததுதான். உண்மையாவே வந்தது."

"அகதியளைப் பற்றியும் வந்ததோ?"

"ஒரு கவருக்குள்ள நாலு கேள்வி இருக்கும் ஜெயா."

"வந்ததோ?"

"வந்தது."

"என்ன போட்டனீங்கள்?"

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "இறுக்கச் சொல்லித்தான்."

"என்ர பேரிலயும்?"

"ரெண்டிலயும்."

அக்கா மாவை மேசையில் வைத்தார். பிறகு ஈரத்துணியை எடுத்து அதை மூடினார். மா காய்ந்துபோகாமல் இருக்க அப்படித்தான் மூடவேண்டும்.

"ஏனப்பா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

"அவங்கள் கேப்பாங்கள், நீ என்ன போட்டனி குணா எண்டு. முகத்துக்கு முன்னால நிண்டு பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையாவே போட்டிட்டுச் சொன்னா நெஞ்சு லேசா இருக்கும். எங்கட ரெண்டு வோட்டால சட்டம் மாறப்போகுதோ? பத்தில எட்டுப் பேர் போடுறாங்கள். நாங்களும் போட்டா என்ன, விட்டா என்ன?"

"பொய் சொல்ல வராதோ?"

"வராது. உமக்குத் தெரியும்."

"அப்ப பங்கரில ஒரு குறையும் இல்லை எண்டு எப்பிடிச் சொல்லப்போறியள்?"

அண்ணை மேசையில் கிடந்த தோல்களைக் கூட்டி அள்ளினார். அக்கா என் பக்கம் திரும்பினார். எனக்கு அதுவரை தெரியாத கதை அது. தக்ஷிகாவுக்கும் தெரியாது என்றார்.

"வயித்தில ஏழு மாசம் தம்பி. முதல் பிள்ளை. இஞ்ச வந்து இறங்கின குளிர். பங்கருக்குள்ள யன்னல் இல்லை. லைட்டைப் போட்டா பகல், அணைச்சா இரவு. வயிறு நொந்தது. காவலுக்கு இருந்தவனிட்டப் போய்க் கையால காட்டினன். பாஷை தெரியாதே. அவன் மோர்கன், மோர்கன் எண்டான். காலமை பாப்பமாம். நான் போய்ப் படுத்தன். லைட் எப்ப வரும், எப்ப வரும் எண்டு கூரையையே பாத்துக்கொண்டு கிடந்தன்."

"அவன்தான் பிறகு அம்புலன்ஸுக்கு அடிச்சவன்," என்றார் அண்ணை.

"ஓம். பிள்ளை போன பிறகு."

குளிரறையின் மோட்டார் ஓடத் தொடங்கியது.

"ஜெயா, எனக்கு அறுபது தாண்டிட்டுது. இதை விட்டா எங்க போறது? துன்னில ஹோட்டல் ஒண்டில கோப்பை கழுவவோ? அதில துடங்கினனான். அதிலயே கொண்டுபோய் முடிக்கவோ? இந்தக் கல்லு, இந்த அடுப்பு, எல்லாம் நாங்கள் தேய்ச்சது. அந்தச் சனம் எங்கயாவது போகும். அதுகளைக் கன்டோன் பாக்கும். எங்களை ஆர் பாக்கிறது?"

"தெரியும்."

"தெரிஞ்சால் பிறகென்ன?"

"இல்லை எண்டே போடுங்கோ. நான் மறிக்கேல்லை. எங்கட வயிறு. எழும்பி நிண்டு, எனக்குக் கடை வேணும், எனக்குப் போக இடமில்லை எண்டு சொல்லுங்கோ. அதுவும் உண்மைதானே. சொல்லுங்கோ. ஆனா அங்க ஒண்டும் நடக்கேல்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ." அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்தார். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில உங்களை நான் ஒண்டும் கேக்கேல்லை. இதைக் கேக்கிறன்."

அண்ணை துருவியைத் தன் பக்கம் இழுத்தார். துருவத் தொடங்கினார். கிழங்கு உதிரியாக விழுந்தது.

*

பள்ளிக்கூட மண்டபத்தில் உடற்பயிற்சிக் கயிறுகளைக் கூரையோடு கட்டிவிட்டுக் கதிரை போட்டிருந்தார்கள். வாக்குள்ளவர்கள் நடுவில். வாக்கில்லாதவர்களுக்குச் சுவரோரம் தனியாக ஒரு வரிசை. எண்ணும்போது குழம்பாமல் இருக்க அந்த ஏற்பாடு. சுவரோரத்தில் நானும் துன்னிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரனும் இருந்தோம். இவ்வளவு கூட்டத்தை ஊராட்சித் தலைவி எதிர்பார்க்கவில்லை; இரண்டு தடவை மேலதிகக் கதிரை கொண்டுவரச் சொன்னார்.

அண்ணை கறுப்புக் கோட்டோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் அக்கா. உள்ளே வரும்போதே எல்லாரும் அண்ணையின் கையைக் குலுக்கினார்கள். சிலர் அக்காவின் கையையும்.

ஆசிரியை முதலில் பேசினாள். என் வகுப்பில் இடம் இருக்கிறது, பிள்ளைகளை நிலத்துக்கு அடியில் வைக்கவேண்டாம் என்றாள். சிலர் தலையாட்டினார்கள். ஹான்ஸ்ருடியின் மனைவி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் எழுந்து, பால் லீட்டருக்கு என்ன விலை என்று பேர்ணில் யாருக்காவது தெரியுமா, அகதிகளை எங்களிடம் அனுப்புவதற்கு என்றால் மட்டும் அவர்களுக்கு எங்கள் விலாசம் தெரிகிறது என்றார். சத்தமாகக் கைதட்டினார்கள். இன்னொருவர், லோவனை மூடினால் நான் தினமும் வீட்டில் சாப்பிடவேண்டி வரும், அந்தத் தண்டனை வேண்டாம் என்றார். "எனக்கும் வேண்டாம்!" என்று அவர் மனைவி பின்வரிசையிலிருந்து கத்தினாள். மண்டபமே சிரித்தது. அக்காகூடச் சிரித்தார். நான் பார்த்தேன்.

பிறகு ஹான்ஸ்ருடி திரும்பி அண்ணையைப் பார்த்தார்.

அண்ணை எழுந்தார். ஒலிவாங்கியை ஒரு பையன் ஓடிவந்து கொடுத்தான். அதை அவர் வாய்க்கு மிக அருகில் பிடித்தார். மூச்சு முதலில் கேட்டது.

"நான் குணசேகரம். லோவன். எல்லாருக்கும் தெரியும்."

சிரிப்பு. நட்பான சிரிப்பு.

"எனக்கு விடுதி வேண்டும். வேறு வேலை தெரியாது." நிறுத்தினார். அதோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படி நினைத்திருக்கவேண்டும். அவருக்கு வழிவிட முழங்காலைச் சற்று ஒதுக்கினார். ஆனால் ஆசிரியை கையுயர்த்தியிருந்தாள். தலைவி அவளுக்கு அனுமதி கொடுத்தார்.

"ஹெர் குணசேகரம், நீங்கள் பங்கரில் இருந்திருக்கிறீர்கள் என்கிறார்கள். எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் அங்கே இருக்கலாமா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முழு மண்டபமும் அவரைப் பார்த்தது. ஹான்ஸ்ருடியின் மனைவி முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"இருந்தோம்," என்றார் அண்ணை. "ஒரு குளிர்காலம். சூடாக இருந்தது. சாப்பாடு தந்தார்கள். வைத்தியம் தந்தார்கள்." ஒலிவாங்கியை மறுகைக்கு மாற்றினார். "இருக்கலாம். எங்களுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை."

அவர் உட்காரும்போது கைதட்டல் எழுந்தது. நீண்ட நேரம் தட்டினார்கள். நன்றியோடு தட்டினார்கள். அக்கா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி வாக்கெடுப்பை அறிவித்தார். லோவனைக் கன்டோனுக்குக் கொடுக்க ஏற்பவர்கள் கையுயர்த்துங்கள். அங்கொன்று இங்கொன்றாகக் கைகள். ஆசிரியை, பாட்டுக் குழுவில் இருவர், தபால்காரர். மூன்றாவது வரிசையில் அக்கா. அண்ணை அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தார். முன்னாலிருந்தவர்களும் பார்த்தார்கள். எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக நடந்தார்கள். தலைவி நன்றி சொன்னார். கைகள் இறங்கின.

அக்காவின் கை இறங்கவில்லை.

எதிர்ப்பவர்கள், என்றார் தலைவி. மண்டபம் முழுவதும் கை. அண்ணை தன் வலக்கையை உயர்த்தினார். பக்கத்தில் அக்காவின் கை ஏற்கெனவே நின்றது. சுவரோரத்திலிருந்து பார்க்கும்போது கணவனும் மனைவியும் ஒன்றுக்கே வாக்களிப்பதுபோலத் தெரிந்தது. அந்த வரிசையை எண்ணியவள் பேக்கரிக்காரரின் மகள். குனிந்து, "ஃப்ராவ் குணசேகரம், நீங்கள் முதலிலேயே போட்டுவிட்டீர்கள்," என்றாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. அவள் குழம்பிப்போய் அண்ணையைப் பார்த்தாள். அண்ணை இல்லை என்று தலையசைத்தார். அவள் அக்காவை விட்டுவிட்டு அடுத்தவரை எண்ணினாள்.

கோரிக்கை தோற்றது. பெரிய வித்தியாசம். அண்ணை எழுந்திருக்காவிட்டாலும் முடிவு மாறியிருக்காது.

*

எல்லாரும் நேராக லோவனுக்கு வந்தார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு அண்ணை அடுப்புக்குப் போனார். அக்கா கோப்பைகளைக் கொண்டுபோய் வைத்தார், வெறுங்கோப்பைகளை எடுத்துவந்தார். வட்ட மேசை பாடியது. ஹான்ஸ்ருடி சமையலறைக்குள்ளேயே வந்து அண்ணையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"உன் மனைவி இரண்டுக்கும் கை தூக்கினாள், பார்த்தாயா? இனிமேல் பழையபடி நீயே நிரப்பிக் கொடு!"

அண்ணை சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு தட்டு றோஸ்டியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனார்.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் நான் கேட்டதெல்லாம் வேலைச் சொற்கள். "ரெண்டு றோஸ்டி. ஒரு சூப்." "எண்ணெய் முடியுது." அண்ணை எதையாவது கதைக்கத் தொடங்கினால் அக்கா கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் முடித்ததும் வேலைக்குத் திரும்புவார். சண்டை இல்லை. சத்தம் இல்லை. ஒருநாள் அண்ணை என்னிடம், "ஏசினால் பரவாயில்லை தம்பி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். இல்லாமல் போனவர்களோடு எப்படி வாழ்வது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எதிரில் நிற்பவரோடு எப்படி என்று தெரியாது.

குத்தகையைப் புதுப்பித்தார்கள். கூரையைத் திருத்தவும் ஆட்கள் வந்தார்கள்.

டிசம்பரில் பனி விழுந்தது. குடும்பங்கள் மலையடிப் பங்கருக்கு வந்துவிட்டன என்று பஸ் சாரதி சொன்னான். விடுதி மூடியிருக்கும் திங்கட்கிழமை அன்று அக்கா பெரிய சட்டியில் சோறும் இன்னொன்றில் பருப்பும் காய்ச்சினார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. "கீழ போறன்," என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். அண்ணை ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

வளைவு வளைவாக மூடுபனிக்குள் இறங்கினோம். முன்னிருக்கையில் இருவரும். பின்னால் நான், இரு பக்கமும் சூடான சட்டி. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு சரிவுப் பாதை இறங்குகிறது. அதன் முடிவில் ஒரு சாண் தடிப்பான இரும்புக் கதவு. அண்ணை காரை மேலேயே நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. நானும் அக்காவும் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

உள்ளே ஈரச் சீமெந்தும் காயாத காலுறையும் மணந்தன. மூன்று தட்டுக் கட்டில்கள். போர்வைகளைக் கட்டி மறைப்பு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் நடைவழியில் பந்து அடித்தார்கள். பந்தின் சத்தம் சுவரில் பட்டு இரண்டாகத் திரும்பியது. பராமரிப்பாளப் பெண் எங்கள் பெயரை எழுதிக்கொண்டாள். அக்கா கரண்டியை எடுத்துப் பரிமாறினார். ஒவ்வொருவருக்கும் சோற்றில் குழி செய்து பருப்பு ஊற்றினார். ஒரு தாய் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் கட்டிலைக் காட்டினாள், விருந்தாளிக்கு வீட்டைக் காட்டுவதுபோல. அக்கா அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழுந்து, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுவிட்டு வந்தார்.

வெறுஞ்சட்டிகளை நான் தூக்கிக்கொள்ள, மேலே வந்தோம். என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன்கதவைத் திறந்தார். ஏறவில்லை.

"எப்பிடி இருக்கு கீழ?" என்று அண்ணை கேட்டார்.

"இறங்கிப் பாருங்கோ," என்றார் அக்கா.

அண்ணை என்ஜினை அணைத்தார். இறங்கினார். பனியில் வழுக்காமல் ஓரமாகப் பிடித்துப் பிடித்துச் சரிவில் போனார். இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றார். கைப்பிடியில் கையை வைத்தார். உள்ளேயிருந்து பந்துச் சத்தம் கேட்டது. யாரோ பிள்ளை சிரித்தது. அவருடைய முதுகு எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கதவு உட்புறமாகப் பூட்டியிருக்கவில்லை. தள்ளினால் திறக்கும். நாங்கள் இப்போதுதான் அதால் வந்தோம்.

அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணை கையை எடுத்தார். திரும்பி மெல்ல மேலே ஏறிவந்தார். எங்களைப் பார்க்காமல் காரில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அக்கா முன்கதவைச் சாத்தினார். ஓசை வராமல் சாத்தினார். என் கையிலிருந்த ஒரு சட்டியை வாங்கிக்கொண்டு, வீதியைக் கடந்து, பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.